தேயாத டயருக்கும் வயதாகும்

அசோக் நகர் பதினோராவது அவென்யூவில் சாயங்காலம் நடக்கும்போது மற்றவர்கள் கண்ணுக்கு மரம் தெரியும், மனிதர்கள் தெரிவார்கள். எனக்கு ஓரமாக நிற்கும் கார்களின் டயர்தான் தெரியும். தொழில் புத்தி. பல்லவன் பஸ் ஓடிய காலத்தில் டயர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அது மாநகர் போக்குவரத்துக் கழகமான பிறகு அதே பிரிவில் ஓய்வு பெற்றவன் நான். அப்படிப் பார்த்துக்கொண்டே போகையில் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. டயரில் பட்டன், அதாவது தரையில் படும் மேடுபள்ளம், ஆழமாக, கிட்டத்தட்டப் புதிதுபோலவே இருக்கும். பக்கவாட்டில் மட்டும் தலைமுடி கனத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கும். வெயில் படும் பக்கத்தில் அது இன்னும் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை கபாலி கோயில், எப்போதாவது காஞ்சிபுரம், மற்ற நாளெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும் கார்கள் அவை. ஆபீசுக்கு மெட்ரோ, கடைக்கு ஸ்கூட்டர், காய்கறிக்குக் கைபேசி என்று ஆனபின் காருக்கு வேலை குறைந்துவிட்டது.

இந்தக் காரின் சொந்தக்காரர் டயர் மாற்றப் போனால் கடைக்காரர் எடுத்த எடுப்பில் காட்டுவது நீண்ட ஆயுள் டயர். "சார், இது ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஒருவாட்டி போட்டுட்டா கவலையே இல்ல." கூடுதலாக ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ கேட்பார். காசு போனாலும் பொருள் உழைக்குமே என்று நம்மவரும் தலையாட்டிவிடுவார். என் கட்சி இதற்கு நேரெதிர். நகருக்குள் கொஞ்சமாக ஓடும் காருக்கு நீண்ட ஆயுள் டயர் வீண் செலவு. தெரிந்த கம்பெனியின் சாதாரண டயர் போதும். காரோடு வந்த அதே சைஸ் போதும். சரக்கு மட்டும் தயாராகிச் சில மாதமே ஆனதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் கடைக்காரருக்கு நாம் வைக்கும் மொய்.

மனம்போன போக்கில் இதைச் சொல்லவில்லை. கழகத்தில் ஒவ்வொரு டயருக்கும் ஓர் அட்டை உண்டு. எந்த பஸ்ஸில், எந்தச் சக்கரத்தில், எந்தத் தேதியில் ஏறியது, எத்தனை கிலோமீட்டர் ஓடி இறங்கியது, இறங்கக் காரணம் தேய்மானமா, வெட்டா, வெடிப்பா, எத்தனை முறை ரீட்ரெட் ஆனது, அதாவது தேய்ந்த பட்டனுக்கு மேல் புது ரப்பர் ஒட்டியது, எல்லாம் அதில் இருக்கும். புது டயர் முன் சக்கரத்தில் ஓடும்; ரீட்ரெட் ஆனபின் பின்னால் போகும். கடைசியில் கண்டம் செய்து கழிக்கும்போது, வாங்கிய விலையோடு ரீட்ரெட் செலவையும் கூட்டி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் ஒரு பைசாக் கணக்கு வரும். மேலதிகாரிகள் கேட்பது அந்தப் பைசாவைத்தான். விலை குறைந்த டயர் பைசாவில் தோற்றுப்போனதையும், விலை கூடிய டயர் பாதி வயதில் வெடித்து மானத்தை வாங்கியதையும் அந்த அட்டைகளில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அதே கணக்கை வீட்டுக் காருக்குப் போடுவோம். பழைய ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் பலவற்றுக்கு 165/80 ஆர்14 என்ற சைஸ் வரும். கணக்குக்காகச் சாதாரண டயர் ஒன்று 4,500 ரூபாய், 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஆயுள் டயர் 6,000 ரூபாய், 60,000 கிலோமீட்டர். வருஷத்துக்கு 50,000 கிலோமீட்டர் ஓட்டும் டாக்ஸிக்காரருக்கு முதல் டயர் கிலோமீட்டருக்குப் பதினொன்றேகால் பைசா, இரண்டாவது பத்து பைசா. விலை கூடியதுதான் அவருக்கு மலிவு. அவர் அதையே வாங்கட்டும்.

நம் வீட்டுக் கார் வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடுகிறது. முதல் டயர் தேய எட்டு வருஷம் ஆகும், இரண்டாவது தேயப் பன்னிரண்டு வருஷம். அதற்கு முன்பே ரப்பர் கெட்டிப்பட்டுவிடும். ஆறு வருஷம் ஆனால் தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் மாற்று என்பது கார் கம்பெனிகள் பல சொல்லும் ஆலோசனை. மிஷெலின் கம்பெனி, ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்கவும், பத்து வருஷமானால் எப்படி இருந்தாலும் கழற்றிவிடவும் சொல்கிறது. சென்னை வெயிலில் தெருவோரம் நிற்கும் காருக்கு நான் ஆறு என்றே வைத்திருக்கிறேன். ஆறு வருஷத்தில் ஓடுவது 30,000 கிலோமீட்டர். சாதாரண டயருக்குக் கிலோமீட்டருக்குப் பதினைந்து பைசா, நீண்ட ஆயுள் டயருக்கு இருபது. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 6,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய பட்டனை, பாதி மட்டுமே தேய்ந்த நிலையில் பழைய டயர் வியாபாரியிடம் தூக்கிக் கொடுக்கிறோம்.

ஓடாத டயர் ஏன் கெடுகிறது என்று கேட்பார்கள். மேஜை டிராயரில் சும்மாவே கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து இழுத்தால் பட்டென்று அறுந்துபோகிறதே, அதே கதைதான். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் சூடும் சேர்ந்து ரப்பரை மெல்ல மெல்லக் கெட்டியாக்கும். இதைத் தடுக்கத்தான் டயர் ரப்பரில் ஒருவகை மெழுகும் ரசாயனங்களும் கலக்கிறார்கள். டயர் சுழன்று, நசுங்கி, விரியும்போது அந்த மெழுகு மேல்பரப்புக்கு வந்து பூச்சாக நிற்கும். நின்றபடியே நிற்கும் காரில் அந்த அசைவு இல்லை, பூச்சும் சரியாக வராது. ஆகவே அதிகம் ஓடாத காரின் டயர் சில சமயம் ஓடுகிற காரின் டயரைவிடச் சீக்கிரம் வெடிப்பு விடும். காரைப் பொத்திப் பொத்தி வைக்கும் பெரியவர்களுக்கு இது கசப்பான செய்தி.

இன்னொரு சங்கதி. நீண்ட நாள் தேயாமலிருக்க வேண்டுமென்றால் ரப்பர் கலவை பொதுவாகக் கொஞ்சம் கடினமாக இருக்க வேண்டும். கடினக் கலவை ஈரத்தில் பிடிமானம் குறைவாகக் காட்டும். சிலிகா சேர்த்து இதைச் சமாளிக்கும் நல்ல டயர்களும் உண்டு என்றாலும், விலைப்பட்டியலின் கீழ்ப்பாதியில் ஆயுளையும் ஈரப்பிடிமானத்தையும் ஒருசேரத் தருகிற சரக்கு கிடைப்பது அரிது. ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகட்டின் மேல், முதல் மழை பெய்த சாயங்காலம் பிரேக் அடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த நேரத்தில் நமக்கு ஒரு லட்சம் கிலோமீட்டரா வேண்டும்? முன்னால் திடீரென்று நின்ற ஆட்டோவுக்கு ஒரு முழம் பின்னால் கார் நின்றால் போதும்.

எங்கள் கட்டடத்தில் மேல்தளத்துப் பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை, ஒரு நாள் மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், நாலு டயரும் மாத்தணுமாம். நீங்க கூட வந்தா ஏமாத்த மாட்டாங்க." போனேன். கடையின் பெயர் வேண்டாம். நல்ல வெளிச்சமான கடை, குளுகுளு அறை, காபிகூடக் கொடுத்தார்கள். கம்பெனியும் மாடலும் பேசி முடித்தோம். பையன் நான்கு டயரையும் உருட்டிக்கொண்டு வந்தான். நான் குனிந்து கைபேசி டார்ச்சை அடித்துப் பக்கவாட்டைப் படிக்க ஆரம்பித்ததும் முதலாளி எழுந்து வந்துவிட்டார்.

"எல்லாம் ஃப்ரெஷ் ஸ்டாக்தான் சார்."

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2725 என்றால் 2025ஆம் ஆண்டின் 27ஆவது வாரம், அதாவது ஜூலைத் தொடக்கம். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இந்த முழு வரிசை இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டால், பிறகு காருக்கடியில் படுத்தால்தான் தேதி தெரியும். அன்று உருண்டு வந்ததில் இரண்டு டயர் அந்த வருஷத்துச் சரக்கு. மற்ற இரண்டில் 1422 என்று இருந்தது. 2022 ஏப்ரல். மூன்று வருஷம் தாண்டியாயிற்று.

"தம்பி, இது ரெண்டையும் மாத்திக் கொடுங்க."

"ஸ்டாக் அப்படித்தான் சார் வரும். குடோன்ல நிழல்ல இருந்த டயர், ஒண்ணும் ஆகாது. வேணும்னா டயருக்கு முந்நூறு குறைச்சுக்கறேன்."

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. வெயிலும் காற்றும் படாமல் அடுக்கிய டயர், தெருவில் நிற்கும் டயர் அளவுக்குக் கெடாது. ஆனால் அந்தக் குடோன் ஓட்டுக் கட்டடமா, மே மாதத்தில் கொதிக்கும் தகரக் கொட்டகையா என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? ஆறு வருஷத்தில் பாதிக்கு மேல் போய்விட்ட பொருளுக்கு முந்நூறு ரூபாய் தள்ளுபடி என்பது எந்த ஊர்க் கணக்கு? நாங்கள் எழுந்த பிறகுதான், வேறு கிளையிலிருந்து வரவழைக்கலாம் என்பது அவருக்கு நினைவு வந்தது. மறுநாள் வந்தது. அந்தப் பெண் இப்போது பால் பாக்கெட்டில்கூடத் தேதி பார்க்கிறாள். டயருக்குப் பார்க்க வேண்டுமென்று அதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

சைஸ் விஷயத்தில் வேறொரு வலை விரிப்பார்கள். "ஒரு சைஸ் பெருசா போடுங்க சார், வண்டி கெத்தா நிக்கும்." 165/80 ஆர்14 டயரின் மொத்த உயரம் சுமார் 620 மில்லிமீட்டர். அதே ரிம்மில் 185/70 ஆர்14 போட்டால் 615 வரும். ஏறக்குறைய ஒன்றுதான், பொருந்தவும் செய்யும். பொருந்துகிறது என்பதற்காக வாங்க வேண்டியதில்லை. அகலம் கூடினால் விலை கூடும், மைலேஜ் குறையும், ஸ்டீயரிங் கனக்கும், தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும் வாய்ப்பும் கூடும். சைஸை அடுத்து 85டி என்பது போன்ற ஒரு குறி இருக்கும். 85 என்றால் அந்த ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை பொறுக்கும். நூறடி ரோட்டில் நடுராத்திரிகூட 190-ல் போக வழியில்லை, ஆகவே அதைவிட உயர்ந்த எழுத்துக்காகக் காசைக் கூட்டாதீர்கள். ஆனால் கார் கம்பெனி சொன்ன எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். ஐந்து பேரும் சாமானுமாகத் திருப்பதிக்குப் போகும் நாளில்தான் அதன் அருமை தெரியும்.

செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. சிரமம் புரிகிறது, நான்கு டயர் என்றால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். இருந்தாலும் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அந்த அளவைக் காட்ட டயரின் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள். பழைய டயர் வியாபாரத்தில் இந்த மேட்டையும் தாண்டித் தேய்ந்த டயரைச் சூட்டுக் கத்தியால் கோடு கோடாக வெட்டி, கருப்புப் பூசி, பளபளவென்று நிறுத்திவிடும் கைவேலை ஒன்று உண்டு. ஆழம் வந்துவிட்டது என்று தோன்றும். உள்ளே இரும்புக் கம்பி வலைக்கு மேல் ரப்பரே இருக்காது. பள்ளத்தில் விழுந்து ஒருமுறை உள்ளே நூல் அறுந்த டயரையும் வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். எங்கள் பிரிவில் அதற்கென்றே டயரை விரித்து விளக்கு வைத்துத் தடவிப் பார்க்கும் ஆட்கள் இருந்தார்கள்.

ரீட்ரெட் வேறு கதை, அதை நான் குறை சொன்னால் சோறு போட்டதைப் பழித்த மாதிரி. எம்ஆர்எஃப் கம்பெனி 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கியது. டயர் செய்யும் முன்பே, 1952-ல், அது இறங்கிய தொழில் ரீட்ரெட்டுக்கான ரப்பர் செய்வதுதான். கோயம்புத்தூர் எல்ஜி, மதுரை டிவிஎஸ் குழுமம் என்று இந்தத் தொழில் தமிழ்நாட்டில் வேரூன்றிய ஒன்று. பஸ், லாரி டயரின் கூடு மூன்று பிறவி எடுக்கும் பலத்தோடு செய்யப்படுகிறது. கார் டயர் அப்படி இல்லை. கூடு மெல்லியது, புது டயர் விலைக்கும் ரீட்ரெட் செலவுக்கும் இடைவெளியும் குறைவு. பஸ்ஸுக்கு ரீட்ரெட் புத்திசாலித்தனம். காருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு வாய் வரவில்லை.

இதுவரை சொன்னது வாங்குகிறவர் பாடு. அரசும் கம்பெனிகளும் செய்ய வேண்டியதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டைப்போல் டயர் ஆலைகள் குவிந்த மாநிலம் இந்தியாவில் அதிகமில்லை. எம்ஆர்எஃப் திருவொற்றியூரிலும் அரக்கோணத்திலும் பெரம்பலூரிலும், அப்போலோ ஒரகடத்தில், ஜேகேயும் சியட்டும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், மிஷெலின் தேர்வாய் கண்டிகையில். அசோக் பில்லரில் காரை எடுத்தால் காலை டிபன் நேரத்துக்குள் இவற்றில் சிலவற்றின் வாசலைத் தொட்டுவிடலாம். இந்த ஆலைகளுக்கு அரசு நல்ல வேலியும் போட்டுக் கொடுத்தது. 2020 ஜூன் மாதம் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். அதன்பிறகு உரிமம் வாங்கித்தான் இறக்க முடியும் என்றானது. அதுவரை கடைகளில் சல்லிசாகக் கிடைத்த சீன டயர்கள் காணாமல் போயின. உள்ளூர் வேலைவாய்ப்புக்கு நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் மலிவு வரிசையில் போட்டி குறைந்ததும் உண்மை.

போட்டி குறைந்தால் என்ன நடக்கலாம் என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 2011-12 காலகட்டத்தில் பஸ், லாரி மாற்று டயர் விலையைப் பேசிவைத்து ஏற்றியதாக, எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே, பிர்லா ஆகிய ஐந்து கம்பெனிகளுக்கும் சேர்த்து 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம். 2018 ஆகஸ்டில் எழுதிய உத்தரவு, சென்னை உயர் நீதிமன்ற வழக்கு காரணமாக 2022 பிப்ரவரி வரை வெளியே வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், மறுபடி பரிசீலிக்கச் சொல்லி ஆணையத்துக்குத் திருப்பி அனுப்பியது. குற்றம் செய்தார்களா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்த விசாரணை கார் டயரைப் பற்றியதும் அல்ல. விலை எப்படி ஏறுகிறது என்று கேட்கும் வாய் நாட்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி விஷயத்தில் நியாயம் கிடைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 4,000 ரூபாய் டயர் என்றால் 5,120 கொடுத்தது 4,720 ஆக வேண்டும்; நான்கு டயருக்கு 1,600 ரூபாய் மிச்சம். பில்லில் அடிப்படை விலையையும் வரியையும் பிரித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பில் வேண்டாமென்றால் இன்னும் குறைக்கிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பில் இல்லாவிட்டால் பக்கவாட்டில் வீங்கிப் புடைத்த டயருக்கு வாரண்டி கேட்க முடியாது.

எனக்குப் பெரிய குறை வேறொன்று. ஃப்ரிட்ஜ் வாங்கினால் கதவில் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறது. ஏசி வாங்கினால் ஒட்டியிருக்கிறது. டயருக்கும் எரிபொருள் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரத் திட்டத்தை எரிசக்தித் திறன் பணியகம் கொண்டுவந்தது. ஆனால் விரும்பினால் ஒட்டலாம் என்ற அளவில். ஈரத்தில் எந்த டயர் எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த நட்சத்திரத்தில் இல்லவே இல்லை. 2022-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உருளும் தடை, ஈரப்பிடிமானம், சத்தம் மூன்றுக்கும் குறைந்தபட்ச அளவை விதித்தது. நல்ல காரியம். ஆனால் அது தேர்ச்சி, தோல்வி மட்டுமே. தேர்ச்சி பெற்ற டயர்களில் எது முதல் வகுப்பு, எது எல்லைக்கோட்டில் தப்பியது என்பது வாங்குகிறவர் கண்ணுக்கு வருவதில்லை.

ஐரோப்பிய நாடுகளில் 2012 நவம்பரிலிருந்து ஒவ்வொரு கார் டயரும் ஓர் ஒட்டுச்சீட்டோடுதான் விற்பனைக்கு வருகிறது. எரிபொருள் சிக்கனம், ஈரப்பிடிமானம், சத்தம் மூன்றுக்கும் அதில் தரம் போட்டிருக்கும். 2021 மேயில் அதை ஏ முதல் ஈ வரை என்று இன்னும் எளிதாக்கினார்கள். நம் கம்பெனிகள் அங்கே விற்கும் டயர்களுக்கும் இதே சட்டம்தான். அங்கே சீட்டு ஒட்டுகிறவர்களுக்கு இங்கே ஒட்டுவதில் என்ன கஷ்டம்? அளவெடுக்கும் கருவி இருக்கிறது, அளந்த எண்ணும் இருக்கிறது. அசோக் நகர்க்காரனுக்குக் காட்ட மட்டும் மனமில்லை. சீட்டு வந்துவிட்டால் 4,500 ரூபாய் டயர்களுக்குள்ளேயே நல்லது எது என்று கடைக்காரர் வாயைப் பார்க்காமல் தேர்ந்தெடுக்கலாம். பணக்காரர்கள் எப்படியும் விலை கூடியதை வாங்கிக்கொள்வார்கள். சீட்டு வேண்டியது விலை பார்த்து வாங்குகிறவர்களுக்கு.

கடையில் நடக்கும் இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். காசு கைக்கடக்கமாக இருந்து இரண்டு டயர் மட்டும் மாற்றினால், புதியதைப் பின் சக்கரத்தில் போடச் சொல்லுங்கள். மெக்கானிக் சண்டைக்கு வருவார். "முன்னாடி வீல்தான் சார் இழுக்குது, ஸ்டீயரிங்கும் முன்னாடிதான்." அவர் சொல்வது காய்ந்த ரோட்டுக்குச் சரி. ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், காலை எடுத்தால் திரும்பப் பிடிக்கும். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும். அதைச் சமாளிக்கும் கை நமக்குக் கிடையாது. நைட்ரஜன் அடிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லலாம்; நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசை அலைன்மென்டுக்கும் பேலன்சிங்குக்கும் கொடுங்கள், அது வீண் போகாது. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டிய சீட்டில் எத்தனை காற்று என்று போட்டிருக்கிறதோ அதை, டயர் சூடாகும் முன் காலையில், பெட்ரோல் பங்க்கில் இலவசமாக அடித்துக்கொள்ளலாம். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் வயதாகிறது. அதன் நான்கு இலக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ரப்பர் கெட்டிப்பட்ட டயரோடு அதில் இறங்க வேண்டாம். செப்டம்பரிலேயே கடைக்குப் போங்கள், டயரை ரிம்மில் ஏற்றும் முன் குனிந்து தேதியைப் படியுங்கள், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சரக்கென்றால் வேறு கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அந்தத் தெருவிலேயே இன்னொரு டயர் கடை இருக்கும்.